பெரியப்பா ஏமாற்றினாரா?

அன்புள்ள ஐயா,

எங்கள் பெரியப்பா 2011இல் ஒன்றரை லட்சம் கட்டி ஈமு கோழி வளர்த்தார். தோட்டத்தில் கொட்டகை போட்டுத் தந்ததும் தீவனம் தந்ததும் கம்பெனிதான். மாதம் ஆறாயிரம் ரூபாய் வந்தது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் பறவைகளைக் காட்டுவார், பாஸ்புக்கைக் காட்டுவார். அதைப் பார்த்து உறவிலேயே நாலு வீட்டார் பணம் கட்டினார்கள். 2012இல் கம்பெனியை மூடியபோது அவர்களோடு சேர்த்துப் பெரியப்பாவின் பணமும் போனது. ஆள் சேர்த்ததற்கு அவர் கமிஷன் வாங்கியிருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. போன வருடம் இறந்துவிட்டார். எழவு வீட்டிலேயே ஒருவர், "ஊரை ஏமாத்துன மனுசன்" என்று சொல்லிவிட்டார். பெரியப்பா யாரிடமும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அவரை ஏமாற்றுக்காரர் என்பது நியாயமா?

ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள சகோதரிக்கு,

பொய் சொன்னாரா இல்லையா என்பதை வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஈரோடு பக்கம் பெருந்துறைக் கம்பெனிகள் நடத்திய இந்த ஈமு விவகாரத்தில் கண்ணுக்குத் தெரிந்தவரை எல்லாமே நிஜம். ஆஸ்திரேலியாவில் ஈமு உண்டு. அதன் கொழுப்பிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள், தோலும் கறியும் விலை போகின்றன. கொட்டகைக்குள் ஆளுயரத்துக்கு ஒரு பறவை நிற்கிறது, கரும்பச்சை நிறத்தில் உள்ளங்கை கொள்ளாத முட்டை இடுகிறது. கையில் வாங்கிப் பார்த்தவரிடம் போய் இது மோசடி என்றால் எப்படி நம்புவார்?

யாரும் வாய் திறக்காத விஷயம் ஒன்று இருந்தது. நம் பக்கத்தில் இந்தக் கறியை வாங்கிச் சாப்பிடப் போவது யார்? குஞ்சு போய்ச் சேர்ந்தது அடுத்துப் பணம் கட்டியவரின் தோட்டத்துக்கு. அவர் கட்டிய பணம்தான் உங்கள் பெரியப்பாவின் பாஸ்புக்கில் ஆறாயிரமாக ஏறியது. வருடத்துக்கு 72,000. ஒன்றரை லட்சத்துக்கு 48 சதவீதம் ஆகிறது. கறவை மாடு வைத்திருக்கிற எந்தக் குடியானவரும் இந்தக் கணக்கைக் கேட்டால் சிரித்திருப்பார். ஆனால் கணக்குப் போட விடாமல் செய்தது அந்தப் பறவைதான். 2012 ஆகஸ்டில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு, பட்டினி கிடந்த ஈமுக்களுக்கு அரசு தீனி போட வேண்டி வந்தது.

1920இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்ஸி செய்ததும் இதேதான். 45 நாளில் 50 சதவீத லாபம் என்றார். அவர் கையில் இருந்தது தபால் பதில் கூப்பன். அதுவும் நிஜமான பொருள். ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டில் கூடுதல் மதிப்புள்ள தபால்தலையாக மாற்ற முடியும் என்பதும் உண்மை. அவர் வாங்கிய பணத்துக்கு ஈடான கூப்பன் உலகத்திலேயே புழக்கத்தில் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. நல்ல மோசடிக்கு நடுவில் ஓர் உண்மையான சாமான் வேண்டும். இல்லாவிட்டால் எடுபடாது.

நம் சட்டம் இதை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம், 415ஆம் பிரிவில், நேர்மையற்ற எண்ணத்தோடு விஷயத்தை மறைப்பதும் வஞ்சகமே என்றது. அங்கே ஓர் உதாரணம் வரும். நீலச் சாயம் எடுக்கிற அவுரிச் செடி தருகிறேன் என்று ஒருவன் முன்பணம் வாங்குகிறான். வாங்கும்போதே தருகிற எண்ணம் இல்லையென்றால் அது மோசடி. எண்ணம் இருந்து பின்னால் வாக்கு தவறினால் சிவில் வழக்கு, அவ்வளவுதான். பணம் கை மாறிய நேரத்தில் மனதில் என்ன இருந்தது என்பதே கேள்வி.

உங்கள் பெரியப்பாவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தன் பணத்தையே போட்டவர், வந்த பணத்தைக் காட்டினார். முதலில் சேர்ந்தவர்கள் விஷயத்தில் அவர் தவறான வழி காட்டினார் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவரையே யாரோ ஏமாற்றியிருந்தார்கள்.

ஆனால் நாலாவது வீட்டார் கட்டியது எப்போது? இந்த மாதிரித் திட்டங்கள் ஒரே நாளில் விழுவதில்லை. முதலில் பணம் பத்து நாள் தள்ளி வரும், அப்புறம் ஒரு மாதம் வராது, தீவன வண்டி தவறும். பெரியப்பாவின் கணக்கில் வரவு நின்ற பிறகும் அந்தப் பாஸ்புக்கின் பழைய பக்கத்தைக் காட்டி ஒருவரைச் சேர்த்திருந்தால், வாயால் பொய் சொல்லவில்லை என்பதெல்லாம் செல்லாது. தேதிகளைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கமிஷன் விஷயம் எனக்கு இதைவிடச் சங்கடமாக இருக்கிறது. 1872இன் ஒப்பந்தச் சட்டத்தில், 17ஆம் பிரிவில், நோய்ப்பட்ட குதிரையை ஏலத்தில் விற்பவன் கதை இருக்கிறது. வாங்குபவர் மூன்றாம் மனிதர் என்றால் விற்பவன் சும்மா இருப்பது மோசடி ஆகாது. அப்போதுதான் வயதுக்கு வந்த சொந்த மகளே வாங்கினால், குறையைச் சொல்வது அவன் கடமை. கமிஷன் ஏஜெண்டுக்கும் இது அப்படியே பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்: சாயங்காலம் காப்பி குடிக்க வந்த மச்சானிடம் அவர் பேசியது சொந்தக்காரராக. அந்தப் பேச்சுக்குக் கம்பெனி காசு கொடுக்கிறது என்று தெரிந்திருந்தால், மச்சான் வேறு யாரிடமாவது ஒரு வார்த்தை விசாரித்திருப்பார். சந்தேகப்பட அவருக்கு இருந்த காரணத்தைப் பெரியப்பா எடுத்து மறைத்துவிட்டார். அந்த அளவுக்கு எழவு வீட்டில் பேசியவரின் கோபம் நியாயம். பேசிய இடம்தான் சரியில்லை.

அந்த நாலு வீட்டாரும் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தார்களா? 1997இன் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி கம்பெனியின் சொத்தை ஜப்தி செய்து, ஏலம் விட்டு, பணத்தைப் பிரித்துத் தர வழி இருக்கிறது. பெரியப்பா வைத்திருந்த ரசீது, ஒப்பந்தப் பத்திரம் ஏதாவது அவர்களுக்கு உதவும் என்றால் தேடிக் கொடுங்கள். கமிஷனாக எவ்வளவு வந்தது என்று தெரிந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.