குளிர்காலத்துக்கு எந்த ஹீட்டர்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய ஓட்டு வீடொன்றில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். என் மாமியாருக்கு வயது 78. மூச்சிரைப்புத் தொந்தரவும் உண்டு. டிசம்பர் பிறந்துவிட்டால் இரவில் அவர் அறையில் குளிர் தாங்க முடிவதில்லை. ஆயில் ஹீட்டருக்கு ஃபேன் ஹீட்டரைப்போல் பாதி மின்சாரம்தான் ஆகும் என்று கடைக்காரர் சொல்கிறார். உறவினர் ஒருவரோ ஹாட் அண்ட் கோல்டு ஏசி போடச் சொல்கிறார். எதை வாங்குவது?
– ஒரு வாசகி, உதகமண்டலம்

பதில்: கடைக்காரர் சொன்னது சரியல்ல. (உறவினர் சொன்ன ஏசியைப் பற்றி அடுத்த பதிலில் பார்க்கலாம்.) கம்பிச் சுருளைச் சூடாக்கி இயங்கும் ஹீட்டர் எதுவானாலும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 860 கிலோ கலோரி வெப்பத்தைத்தான் தரும். ஐந்நூறு ரூபாய் ராட் ஹீட்டருக்கும் பத்தாயிரம் ரூபாய் ஆயில் ஹீட்டருக்கும் இந்தக் கணக்கில் வேறுபாடு கிடையாது. வேறுபாடெல்லாம் அந்த வெப்பம் அறைக்குள் எப்படி வந்து சேருகிறது என்பதில்தான் இருக்கிறது.

சிவந்து எரியும் ராட், ஹாலஜன் வகைகள் எதிரே இருப்பவர் உடம்பைச் சூடாக்குமே தவிர அறையை அவ்வளவாகச் சூடாக்கா. அரை மணி நேரம் உட்கார்ந்து படிப்பவருக்கு அவை போதும், தூங்குகிறவர் அருகில் வைக்கவே கூடாது. ஃபேன் ஹீட்டர் ஐந்தே நிமிடத்தில் காற்றைச் சூடாக்கிவிடும். ஆனால் அதன் இரைச்சலும், அது கிளப்புகிற தூசியும் மூச்சிரைப்பு உள்ளவருக்கு ஆகாதவை. ஆயில் ஹீட்டர் சூடேற இருபது நிமிடமாவது எடுத்துக்கொள்ளும். பிறகு சத்தமின்றி, சீராக, அணைத்த பின்னும் சிறிது நேரம் வெப்பம் தந்துகொண்டிருக்கும். உள்ளிருக்கும் எண்ணெய் எரிவதுமில்லை, தீர்வதுமில்லை. வீடு மாறினால் கையோடு எடுத்துச் செல்லலாம். தங்கள் மாமியாரின் அறைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். மின்சாரம் மிச்சமாகும் என்பதற்காக அன்று, முதியவர் ஒருவர் இரவு முழுவதும் தூங்கும் அறைக்கு இருப்பவற்றுள் இதுவே பொருத்தமானது என்பதற்காக. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறையென்றால் 2000 வாட், ஒன்பது ஃபின் (வெப்பத்தைப் பரப்பும் தகடு) உள்ளது போதும். சாய்ந்தால் தானே அணைந்துவிடும் அமைப்பும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆனால் ஹீட்டரைவிட முதலில் கவனிக்க வேண்டியது அறையைத்தான். பத்தடி உயரமுள்ள அப்படியோர் அறையின் காற்றை மட்டும் பத்து டிகிரி உயர்த்துவதற்கு ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு மின்சாரமே போதும். பிறகு ஏன் இரவெல்லாம் ஹீட்டர் ஓட வேண்டியிருக்கிறதென்றால், சுவரும் ஓடும் கண்ணாடியும் வெப்பத்தை வாங்கி வெளியே விடுவதாலும், சந்துகள் வழியே சூடான காற்று போய்க் குளிர்ந்த காற்று உள்ளே வந்துகொண்டே இருப்பதாலும்தான். மாமியார் அறையில் இல்லாத ஒரு பகற்பொழுதில், காற்றடிக்கும்போது, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் சட்டத்தின் ஓரத்திலும் கதவின் அடியிலும் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலும் பிடித்துப் பாருங்கள்; புகை எங்கே சட்டென்று சாய்கிறதோ அங்கேதான் தங்கள் பணம் போய்க்கொண்டிருக்கிறது. கதவடியில் ரப்பர் பட்டை, ஜன்னல் சட்டத்தில் ஒட்டும் ஃபோம் பட்டை, தரை வரை தொங்கும் கனத்த திரை ஆகியவை சில நூறு ரூபாய் வேலை. ஓட்டுக்குக் கீழே மேல்தளம் ஏதும் இல்லையென்றால், வீட்டு உரிமையாளரிடம் பேசி ஃபால்ஸ் சீலிங் போட்டுக்கொள்வது எந்த ஹீட்டரைவிடவும் பெரிய உதவி. சூடான காற்று மேலே எழும்பி ஓட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை கீழே கட்டிலில் படுத்திருப்பவருக்குக் குளிரத்தான் செய்யும்.

செலவைப் பார்ப்போம். இரவு பத்து மணி நேரத்தில், சூடு போதுமானதும் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஹீட்டரை மொத்தம் ஆறு மணி நேரம் ஓட்டுவதாகக் கொண்டால் நாளொன்றுக்கு 12 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 720 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டண அடுக்கே மாறிவிடுவதால் மற்றச் செலவுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்ட நேரிடும். ஆகவே தேவைக்கு மேல் சூடாக்காதீர்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல். முதியவருக்கு ஓரிரு டிகிரி கூடுதலாக இருப்பது நல்லது. பெரும்பாலான ஆயில் ஹீட்டர்களின் திருகில் டிகிரி இராது, வெறும் எண்களோ குறிகளோதான் இருக்கும். ஒரு சிறிய வெப்பமானியைக் கட்டில் உயரத்தில் மாட்டி, எந்த எண்ணில் 18, 20 நிற்கிறது என்று இரண்டு இரவு பார்த்துக் குறித்துக்கொண்டால் பிறகு திருகைத் தொட வேண்டியதே இராது.

இனி ஒயரிங். பழைய வீடு என்பதால் இதை அழுத்தமாகவே சொல்கிறேன். 2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் ஃபோன் சார்ஜருக்கும் இருக்கும் 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் மாற்றுப் பின் போட்டுச் செருகுவதும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவதும் தீயை வரவழைப்பதாகும். 16 ஆம்பியர் பாயின்ட், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, சரியான எர்த், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆகியவை இருக்கின்றனவா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடியபின் பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். தொட முடியாத சூடாக இருந்தால் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள், அன்றே சரிசெய்யுங்கள். மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் 2000 வாட் ஹீட்டர் 1200 வாட் அளவுக்குத்தான் சூடு தரும். அதை ஹீட்டரின் பழுதென்று எண்ண வேண்டாம். கம்பளியும் துணியும் ஹீட்டரிலிருந்து மூன்றடி தள்ளியே இருக்கட்டும். ஈரத்துணியை அதன்மேல் உலர்த்தாதீர்கள்.

கேள்வி: சொந்த வீடு; மூன்று அறைகளுக்குச் சூடு வேண்டும். ஃபைவ் ஸ்டார் ஹாட் அண்ட் கோல்டு ஏசி வாங்கலாமா?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: வாங்கலாம். இந்த ஏசி மின்சாரத்தை நேரடியாக வெப்பமாக மாற்றுவதில்லை. வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்து உள்ளே தள்ளுகிறது. அதனால் ஒரு யூனிட் செலவில் மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கும். உதகை வாசகிக்குச் சொன்ன 720 யூனிட் இதில் 240 ஆகிவிடும். ஒரே அறைக்கு, இரண்டே மாதத்துக்கு என்றால் இந்தச் சேமிப்பு ஏசியின் விலையை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். மூன்று அறை, அதோடு மழைக்காலக் குளிருக்கும் ஓட்டுவீர்கள் என்றால் கணக்குத் தங்கள் பக்கம் சாயும்.

ஆனால் ஸ்டாரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நம் நாட்டில் ஏசிக்கு ஒட்டப்படும் நட்சத்திர முத்திரை குளிரூட்டும் திறனுக்குத் தரப்படுவது. சூடாக்கும் திறனைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்கி, சூடாக்கும்போது எத்தனை வாட் இழுத்து எத்தனை வாட் வெப்பம் தருகிறது, வெளியே எத்தனை டிகிரி வரை ஓடும் என்ற இரண்டையும் பாருங்கள். வெளிக்காற்று ஐந்து டிகிரிக்குக் கீழே போய், ஈரமும் மிகுந்திருந்தால் வெளி யூனிட்டில் உறைபனி படியும். அதை உருக்குவதற்காக ஏசி அவ்வப்போது சில நிமிடம் சூடு தருவதை நிறுத்திக்கொள்ளும். மார்கழி விடியற்காலையில் அப்படி நின்றால் பழுதென்று எண்ணிவிடாதீர்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் பகுதியென்றால் படுக்கையறைக்கு நல்ல ரஜாயும் சுடுநீர்ப் பையும் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: ஹீட்டர் போட்டால் அறையிலுள்ள ஆக்சிஜன் குறைந்துவிடும், கிண்ணத்தில் தண்ணீர் வைக்க வேண்டும் என்கிறார்களே? அதற்குப் பழையபடி கரி அடுப்பே மேல் அல்லவா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை, ஆகவே ஆக்சிஜன் குறைவதில்லை. காற்று உலர்வது உண்மை. எட்டு டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை இருபது டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 41 விழுக்காட்டுக்கு அருகில் வரும். அது உடம்புக்கு ஏற்ற அளவுதான். சுவரில் பூஞ்சை பிடிக்கும் குன்னூர் வீடுகளுக்கு நன்மையும்கூட. கிண்ணத் தண்ணீர் தேவையில்லை.

கரி அடுப்பை மூடிய அறைக்குள் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. புகை அடங்கித் தணலாகிவிட்டதே என்று உள்ளே எடுத்து வைத்துப் படுத்தவர்கள் மறுநாள் எழுந்திராத செய்தி மலைப்பகுதிகளிலிருந்து மீண்டும் மீண்டும் வருகிறது. கணப்புக்குப் புகைபோக்கி இருந்தால் அதை ஆண்டுதோறும் துடைத்துப் பயன்படுத்தலாம். தணல் உள்ள அறையில் யாருக்கேனும் தலைவலி, குமட்டல், கிறக்கம் வந்தால் அடுப்பை அணைக்க நிற்காமல் முதலில் அனைவரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.