வாஷர் எந்தப் பக்கம் இருக்கிறது?

வணக்கம் நண்பரே. மூன்றடி மீன்தொட்டி, பின் கண்ணாடியில் துளை போட்டு ஓவர்ஃப்ளோவுக்கு (மிஞ்சும் தண்ணீர் வெளியேற) ஒரு இஞ்ச் டேங்க் நிப்பிள் (துளை வழியே பைப்பை இணைக்கும், ஒரு பக்கம் தலையும் மறுபக்கம் நட்டும் உள்ள மரைக் குழாய்), இரண்டு முறை சிலிக்கான் பூசியும் நட்டைச் சுற்றிச் சொட்டு நிற்கவில்லை என்கிறீர்கள். வாஷரை வெளிப்பக்கம் நட்டுக்கு அடியில் போட்டதாக எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான்.

ரப்பர் வாஷர் தொட்டிக்கு உள்ளே, நிப்பிளின் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வர வேண்டும். வெளியே இருந்தால் தண்ணீர் மரை வழியாகவே இறங்கி வந்துவிடும். எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது.

தண்ணீரைத் துளைக்குக் கீழே இறக்கிவிட்டுக் கழற்றுங்கள். சில நிப்பிள்களில் நட்டு இடது மரை, திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சிலிக்கானை பிளேடால் முழுக்கச் சுரண்டிவிடுங்கள். காய்ந்ததன் மேல் புதுசு ஒட்டாது. நிப்பிளின் பிவிசியிலும் சிலிக்கானின் பிடி சுமார்தான். வாஷர் நன்றாக இருந்தால் சிலிக்கானே வேண்டாம். கையால் இறுக்கி, அப்புறம் கால் சுற்று, அவ்வளவுதான். நான் ஒருமுறை பைப் ரெஞ்சை எடுத்து வீரம் காட்டப்போய் கண்ணாடியே விரிசல் விட்டது.

தொட்டிக்கு வெளியே மாட்டுவது மரை உள்ள எல்போ (வளைவு) என்றால் டெஃப்லான் டேப், மரையில்லாத பைப் என்றால் பிவிசி சால்வென்ட் பசை. ஒரு நாள் காயட்டும்.

பிறகு நிரப்பி, நட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் வைத்து ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள். துளை ஓரத்தில் கண்ணாடி சில்லு பெயர்ந்திருந்தால் மட்டும் ஒரு போட்டோ போடுங்கள், அது வேறு கதை.