வாடகைக் கடையில் நாம் செய்த ரெனோவேஷன் யாருக்குச் சொந்தம்? – கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வாடகைக் கடை நடத்துபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வழக்கறிஞர் அலுவலகத்தில் வாடகை ஒப்பந்தம் தயாரிக்கும் வேலையிலேயே என் காலம் போனது. அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணே, சாப்பாட்டுக் கடைக்காக 45,000 வெள்ளி (ரிங்கிட்) செலவழித்து மொசைக், குழாய், புகைப்போக்கி, த்ரீ பேஸ் மின்சாரம் எல்லாம் போட்டேன். இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிறது. "எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கிக் கொடு, இல்லாவிட்டால் டெபாசிட் கிடையாது" என்கிறார் கட்டடக்காரர், அதாவது கடையின் உரிமையாளர். போட்ட பணத்தில் பாதியாவது கேட்கலாமா?

தங்கச்சி, ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்ற வரி இருந்தால் அவர் கேட்பதில் தப்பில்லை, போட்ட காசைக் கேட்க வழியும் இல்லை. அந்த வரி இல்லையென்றால் சிலர் 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 71வது பிரிவைக் காட்டுவார்கள். இனாமாக இல்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்கிற பிரிவு அது. ஆனால் நீங்கள் உங்கள் வியாபாரத்துக்காகச் செய்தீர்கள், அவரோ எடுத்துவிடச் சொல்கிறார். இதை நம்பி வழக்குக்குப் போகாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

டெபாசிட் கதை வேறு. அதை அப்படியே விழுங்கிவிட முடியாது. அதே சட்டத்தின் 75வது பிரிவின்படி அவருக்குச் சேர வேண்டியது நியாயமான இழப்பீடு மட்டுமே. டெபாசிட்டுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 2018இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. எதற்கு எவ்வளவு பிடிக்கிறார் என்று வேலை செய்யும் காண்ட்ராக்டரின் கொட்டேஷனோடு எழுத்தில் கேளுங்கள்.

ஒப்படைப்பதற்கு முன் அவரையும் கூட்டிக்கொண்டு கடையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். புகைப்போக்கிக்காகச் சுவரில் போட்ட ஓட்டை உங்கள் பொறுப்பு; செங்கல் வைத்து அடைத்துப் பூசிக் கொடுங்கள். பெயிண்ட் மங்கியிருந்தால் அது வெறும் தேய்மானம், சாதாரணத் தேய்மானத்தை விலக்கும் வரி உங்கள் ஒப்பந்தத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்புக்குப் பின்னால் எண்ணெய் இறங்கிய மொசைக், தண்ணீர் போகிற ஓட்டையைச் சுற்றி விரிசல் விட்ட சிமெண்டு, இவற்றில்தான் சண்டை வரும். கடைக்குள் நுழைந்த அன்று எடுத்த படம் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். ஃப்ரீசரும் மேசையும் உங்களுடையவை. ஆணியடித்து மாட்டிய வியாபாரச் சாமான்களை ஒப்பந்தம் முடிவதற்குள் கழற்றிவிடுங்கள். முடிந்த பிறகு போய்க் கேட்டால் சிக்கல். தரையில் பதித்த மொசைக் கட்டடத்தோடு போய்விட்டது.

ஐயா, பெரிய செலவு செய்யப் போகிறேன். ஆறு வருட ஒப்பந்தம் கேட்டால் மூன்று வருடத்துக்கு மேல் தரமாட்டேன் என்கிறார்கள். ஏன்?

தேசிய நிலச் சட்டப்படி மூன்று வருடத்தைத் தாண்டினால் அது நில அலுவலகத்தில் பதிய வேண்டிய குத்தகை. கட்டடக்காரர்கள் அந்த வேலைக்குத் தயங்குவார்கள். அதனால் மூன்று வருடம், பிறகு இன்னொரு மூன்று வருடம் நீட்டிக்க உரிமை என்று எழுதுவது வழக்கம். அந்த நீட்டிப்புக்கான வாடகையை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள், அல்லது இத்தனை விழுக்காட்டுக்கு மேல் ஏறாது என்றாவது எழுதுங்கள். "வாடகையை அப்போது பேசிக்கொள்ளலாம்" என்று எழுதிய உரிமை வெறும் காகிதம். நீங்கள் அழகாக்கிய கடைக்கே இரட்டிப்பு வாடகை கேட்டு உங்களை வெளியேற்றிவிடலாம். இது எனக்கு மனம் பொறுக்காத விஷயம்.

இன்னொன்று, நடுவில் கட்டடம் கைமாறலாம். மூன்று வருடத்துக்கு உட்பட்ட வாடகையை நிலப்பட்டாவில் குறித்து வைத்திருந்தால்தான் புதிதாக வாங்குபவரை அது கட்டுப்படுத்தும். கடைக்காரர்களில் பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை. கேளுங்கள்.

ரெனோவேஷன் நடக்கும் இரண்டு மாதத்துக்கு வாடகை வேண்டாம் என்று கட்டடக்காரர் வாயால் சொன்னார். இப்போது கேட்கிறார்.

கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு எதிராக வாய்ப்பேச்சைச் சொல்லி ஜெயிப்பது கஷ்டம் தம்பி. வாட்ஸ்அப்பில் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியாயிற்றா என்றும் பாருங்கள். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. தெரிந்த மனிதர், ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர் என்று முகத்தாட்சண்யம் பார்த்து எழுதாமல் விட்டவர்கள்தான் என்னிடம் அதிகம் வந்தார்கள்.

பின்சுவரை இடித்துச் சமையலறையை நீட்டினேன், அஞ்சடியிலும் (கடை முன்னால் உள்ள நடைபாதை) தகரம் போட்டேன். நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கட்டடக்காரர் எனக்குச் சம்பந்தமில்லை என்கிறார்.

1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70வது பிரிவுப்படி இப்படிப்பட்ட மாற்றத்துக்குத் திட்ட வரைபட அனுமதி வேண்டும். உரிமையாளரின் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பம் நகராது, அதனால் அவரும் ஒதுங்கிவிட முடியாது. அனுமதி எடுப்பது யார், கிடைக்காவிட்டால் செலவு யாருக்கு என்பதைச் சுவரில் சுத்தியல் படும் முன்பே எழுத வேண்டும். இப்போதைக்கு அஞ்சடித் தகரத்தை நீங்களே கழற்றிவிடுங்கள். அது எல்லாரும் நடக்கிற வழி.

ரெனோவேஷன் தகராறு தீரவில்லை என்று கட்டடக்காரர் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். என்ன செய்வது?

அக்கா, ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீங்கள் கடையில் இருந்தால்கூட, நீதிமன்றம் போகாமல் அவர் இடத்தை மீட்கக் கூடாது என்று 1950 குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு சொல்கிறது. பூட்டை நீங்களே உடைக்காதீர்கள். படம் எடுத்து, போலீஸ் ரிப்போர்ட் செய்து, வழக்கறிஞரிடம் போங்கள். வாடகைத் தகராறுகளை எவ்வளவு பெரிய தொகையானாலும் செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கலாம். அதே சமயம், காலம் முடிந்தும் காலி செய்யாமல் இருந்தால் அவர் இரட்டை வாடகை கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. அதனால் போவது என்று முடிவெடுத்தால் தேதியோடு கடிதம் கொடுத்து, சாவியை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.