ஸ்பானிஷுக்காக ஒரு செமஸ்டர் ஸ்பெயினா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரவேணுவில் சிறு தேயிலை விவசாயி நான். வீட்டில் படுக மொழி, வெளியே தமிழ். மகள் குன்னூரில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. ஆன்லைனில் ஸ்பானிஷ் படித்து ஏ2 நிலை முடித்திருக்கிறாள். பார்சிலோனாவில் ஒரு செமஸ்டர் படித்தால் சரளமாகப் பேச வந்துவிடும் என்று கோவை ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். வரும் பிப்ரவரிக்கு முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: இப்போது கட்டாதீர்கள். டிகிரி முடிந்த கையோடு அனுப்புங்கள். ஊரும் பார்சிலோனா வேண்டாம்.

ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று நிலைகள் ஏறிக்கொண்டே போகும். ஏ2 என்றால் வழி கேட்கலாம், கடையில் பொருள் வாங்கலாம், தன்னைப் பற்றி நாலு வாக்கியம் சொல்லலாம். அந்த நிலையில் போனால் முதல் இரண்டு மாதம் இறந்தகால வினைகளை மனப்பாடம் செய்வதிலேயே போய்விடும். அதைக் கோத்தகிரியில் உட்கார்ந்தே செய்யலாம். அமெரிக்க வெளியுறவு அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தரும் பயிற்சி நிலையம், வேலைக்குப் போதுமான ஸ்பானிஷ் வர 600 முதல் 750 மணி நேர வகுப்பு வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறது. வாரம் 20 மணி நேரம், 16 வாரம் என்றாலும் ஒரு செமஸ்டருக்கு 320 மணிதான். முதல் பாதியை இங்கே முடித்துவிட்டுப் போகிறவருக்குத்தான் செமஸ்டர் பலன் தரும். பி1 முடித்துவிட்டுப் போனால் பி2வோடு திரும்பலாம். ஸ்பானிஷ் தெரிந்தவர்களை எடுக்கும் பெங்களூரு, சென்னை நிறுவனங்கள் பெரும்பாலும் கேட்பதும் பி2தான்.

பி1 வரை வருவது உங்கள் மகளுக்குப் பெரிய பாடாக இருக்காது. ‘வந்தேன்’ என்றாலே யார் வந்தது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஸ்பானிஷ் வினையும் அப்படித்தான் நடக்கும். ஆங்கிலம் வழியாக யோசிக்கிறவர்கள்தான் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘நான், நான்’ என்று சேர்த்துத் தடுமாறுவார்கள். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதுதான் நம்மைப் படுத்தும். அதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு மருந்தில்லை.

ஊர் விஷயத்துக்கு வருவோம். பார்சிலோனாவில் ஸ்பானிஷோடு அந்தப் பகுதியின் சொந்த மொழியான கட்டலானும் ஆட்சி மொழி. பலகைகளிலும் பல்கலைக்கழக வகுப்புகள் பலவற்றிலும் கட்டலானே இருக்கும். போதாததற்கு, சுற்றுலாப் பயணிகள் குவியும் ஊர். இவள் இரண்டு வார்த்தை தடுமாறினால் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். நான் சொல்வது சலமான்கா. 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம், வெளிநாட்டு மாணவர்களுக்கான மொழி வகுப்பை 1929 முதல் நடத்துகிறது. மாட்ரிட், பார்சிலோனா அளவுக்குச் செலவும் ஆகாது. வயாதோலித்தும் நல்ல தேர்வு. தெற்கே கிரனாடா அழகான ஊர்தான், ஆனால் அங்கே சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’ஸை விழுங்கிவிடுவார்கள், புதிதாகக் கேட்கிற காதுக்குச் சிரமம். சலமான்கா குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். உங்கள் வீட்டில் ஸ்வெட்டருக்குப் பஞ்சம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஊரைவிட முக்கியம், தங்கும் இடம். ஹாஸ்டலோ, நாலு இந்திய மாணவர்கள் சேர்ந்து எடுக்கும் ஃபிளாட்டோ வேண்டாம். ஒரு குடும்பத்தோடு தங்கட்டும், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மூன்று மணிக்கு, ராத்திரி சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல். டிவியில் செய்தி ஓட, மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். எந்த வகுப்பிலும் கிடைக்காத பயிற்சி அது. காலையில் மார்க்கெட்டுக்கும் அவளே போகட்டும். மீன் கடை முன்னால் வரிசை என்று கண்ணுக்குத் தெரிய ஒன்றும் இருக்காது; ஆளாளுக்கு ஒரு மூலையில் நிற்பார்கள். ‘கியேன் எஸ் எல் ஊல்திமோ?’, கடைசியாக வந்தது யார் என்று கேட்டு, கை தூக்குகிறவருக்கு அடுத்தது தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டால் மீன் கிடைக்காது.

இதைச் சொன்னால் அப்பாக்களுக்குப் பிடிப்பதில்லை: தினமும் ஒரு மணி நேரம் வீடியோ காலில் பேசாதீர்கள். நலமா என்று ஒரு மெசேஜ் போதும், ஞாயிற்றுக்கிழமை ஆசைதீரப் பேசுங்கள்.

ஏன் டிகிரிக்குப் பிறகு? அங்கே இரண்டாவது செமஸ்டர் பிப்ரவரியை ஒட்டித் தொடங்கும். இங்கே ஏப்ரலில் பரீட்சை. நடுவில் போனால் வருகைப்பதிவு குறையும், அரியர் விழும். அங்கே எடுக்கும் கிரெடிட்டை இங்கே ஏற்றுக்கொள்வார்கள் என்று ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பாதீர்கள், கல்லூரியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

விசா பற்றி: 90 நாளுக்கு மேல் தங்க, ஐரோப்பாவுக்குக் குறுகிய காலம் போகிறவர்கள் எடுக்கும் ஷெங்கன் விசா போதாது, ஸ்பெயினின் மாணவர் விசா வேண்டும். 180 நாளுக்குள் முடிகிற படிப்பு என்றால் போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் அலைச்சல் மிச்சம். கையிருப்பாக மாதம் 600 யூரோ வீதம் காட்டச் சொல்வார்கள். யூரோவுக்கு 100 ரூபாய் என்று போட்டாலும் நான்கு மாதத்துக்கு 2,40,000 ரூபாய், வகுப்புக் கட்டணம் தனி. பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்ற கணக்கே வேண்டாம். மொழிப்பள்ளி என்றால், ஸ்பானிஷைப் பரப்ப ஸ்பெயின் அரசு நடத்தும் செர்வாந்தெஸ் நிறுவனத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2025இல் விதிகளை மாற்றியிருக்கிறார்கள், அதனால் தூதரகத்தின் தளத்தில் இருப்பதைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள். கைரேகை கொடுக்க சென்னை போக வேண்டியிருக்கும். டிகிரிக்குப் பிறகும் பிப்ரவரி செமஸ்டருக்கே போவதானால் அந்த வேலை நவம்பர் வாக்கில் வரும், மலைப்பாதையில் மண் சரிகிற மாதம். நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் வசதி, ஆனால் மழை பிடித்திருந்தால் முந்தின நாளே மலையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிடுங்கள்.

அந்த ஏஜென்ட்டிடம் இதை மட்டும் கேளுங்கள்: வகுப்பில் எத்தனை பேர், சேரும் முன் நிலை அறியும் தேர்வு உண்டா, விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பணம், எத்தனை நாளில் திரும்ப வரும். மூன்றுக்கும் மின்னஞ்சலில் பதில் தரச் சொல்லுங்கள்.