சட்டக் கல்லூரி திறப்பதற்குள்: வாசகர் கேள்விகள்

ஐந்தாண்டுப் படிப்பு, மூன்றாண்டுப் படிப்பு இரண்டிலும் இடம் கிடைத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: முதல் செமஸ்டருக்கே லேப்டாப் வாங்க வேண்டுமா?

வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பங்கை எடுத்து அரசியலமைப்பு, ஒப்பந்தச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) மூன்றுக்கும் பேர் ஆக்ட், அதாவது சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள புத்தகம், வாங்குங்கள்.

கேள்வி: சீனியர் அண்ணன் தன்னுடைய ஐ.பி.சி. கைடைக் கொடுத்திருக்கிறார். கல்லூரி திறப்பதற்குள் அதை மனப்பாடம் செய்துவிடலாமா? அல்லது வேறு நல்ல கைடு இருக்கிறதா?

ஐ.பி.சி. என்ற பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 511 பிரிவுகள், இதில் 358. கொலைக்கான தண்டனை 302-இல் இருந்தது, இப்போது 103. ஊரே சொல்லும் 420, இப்போது 318-க்குள் போய்விட்டது. அந்தத் தேதிக்கு முன்பு நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான் என்பதால் பழைய எண்களும் கோர்ட்டில் இன்னும் பல வருடம் காதில் விழும். சட்டம் படிக்க வருகிறவர், கையில் இருப்பது நடப்பிலுள்ள சட்டமா என்றுகூடப் பார்க்காமல் மனப்பாடத்தில் இறங்கலாமா?

அடுத்து கைடு. எதுவும் வேண்டாம். இதை ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி வருகிறது. திருட்டையே எடுத்துக்கொள்வோம். 'பிறர் பொருளை அனுமதியின்றி எடுப்பது திருட்டு' என்று கைடு ஒரு வரியில் முடித்துவிடும். இப்போது பேர் ஆக்டில் பிரிவு 303-ஐத் திறந்து, கீழே உள்ள உதாரணங்களைப் படியுங்கள். ஒருவன் தன் கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறான். கூலி பாக்கி. கடைக்காரர் அந்த பாக்கிக்காகக் கடிகாரத்தைச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கிறார். அவன் கூலியைத் தராமல் ஏமாற்ற நினைத்து அதை எடுத்துப்போனால், தன் சொந்தக் கடிகாரத்துக்கே திருடன் ஆகிறான். ஏனென்றால் சட்டம் கேட்பது பொருள் யாருக்குச் சொந்தம் என்பதை அல்ல, யார் வசம் இருந்தது என்பதை.

இன்னொரு உதாரணத்தில் ஒருவன் பையில் தீனியை வைத்துக்கொண்டு அடுத்தவர் நாயைத் தன் பின்னால் வரவைக்கிறான். நேர்மையற்ற எண்ணத்தோடு அப்படிச் செய்தால், நாய் அவன் பின்னால் நடக்கத் தொடங்கியதுமே திருட்டு முடிந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிப்போட வேண்டியதில்லை. எண்ணம், அசையும் பொருள், வசம், சம்மதமின்மை, நகர்த்துதல் என்று ஐந்து விஷயம், திருட்டு என்றால் என்ன என்று 303 சொல்லும் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. கைடு படித்தவருக்கு இதில் பாதி தெரியாது. பரீட்சையில் கதை மாதிரி ஒரு சம்பவத்தைக் கொடுத்து 'இது திருட்டா?' என்று கேட்டால் அவர் மாட்டிக்கொள்வார். பிறகு ஜாமீன் மனு எழுதும் நாளிலும் மாட்டிக்கொள்வார், அன்றைக்கு நஷ்டம் கட்சிக்காரருக்கு. என் கோபமெல்லாம் அதனால்தான். பேர் ஆக்ட் நூறு, இருநூறு ரூபாய்தான். அதுவும் கஷ்டம் என்றால் மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழ்தான் நீதிமன்ற மொழி. ஆனால் உயர் நீதிமன்றத்துக்கு ஆங்கிலம் தேவை, அதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிப்படை உரிமைகளை மட்டும் தினம் ஓர் உறுப்பாகப் படியுங்கள். 14, 19, 21 மூன்றுக்கும் கூடுதல் நேரம் கொடுங்கள். முதலில் தமிழில் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கில வாசகத்தை வாய்விட்டுப் படியுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றின் தமிழாக்கமும் அதன் இணையதளத்தில் இருக்கிறது. கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பில் தொடங்காதீர்கள். 13 நீதிபதிகள், எழுநூறு பக்கத்துக்கு மேல். அது அப்புறம்.

கேள்வி: வேலையை விடாமல் சட்டம் படிக்க முடியுமா?

என்ன வேலை, பகலா இரவா, எந்தக் கல்லூரி என்று ஒன்றுமே எழுதாமல் கேட்டால் எப்படி? பொதுவாகச் சொல்கிறேன். சட்டப் படிப்புக்கு விதி வகுக்கும் இந்திய பார் கவுன்சிலின் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். தக்க காரணம் இருந்தால் ஒரு பாடத்தில் 65 வரை விட்டுக்கொடுக்கலாம், அப்போதும் எல்லாப் பாடமும் சேர்த்து 70 இருக்க வேண்டும். பகல் வேலையில் இருப்பவர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சேரட்டும்.

கேள்வி: பக்கத்து மாநிலக் கல்லூரி ஒன்றில் பரீட்சைக்கு மட்டும் போனால் போதும் என்று புரோக்கர் சொல்கிறார். நம்பலாமா?

கூடாது. மேலே சொன்ன 70 சதவீதம் எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும். பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: கல்லூரி திறக்க ஒரு மாதம் இருக்கிறது. இப்போதே இன்டர்ன்ஷிப் போகலாமா?

அவசரம் வேண்டாம். ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுக்கு 12 வாரம், படிக்கும்போதே செய்யத்தான் போகிறீர்கள். இப்போது உங்கள் ஊர் கோர்ட்டுக்குப் போங்கள். திறந்த நீதிமன்றத்தில் யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். போனை அணைத்துவிட்டுப் பின் வரிசையில் இருங்கள். காலையில் வழக்குகளை வரிசையாகக் கூப்பிட்டு வாய்தா கொடுப்பதைப் பாருங்கள், சாட்சி விசாரணை நடந்தால் எழுந்து வராதீர்கள். குறுக்கு விசாரணையில் வக்கீல் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார் என்று கவனியுங்கள். மாலையில் வீட்டுக்கு வந்து, காதில் விழுந்த பிரிவு எண்களைப் பேர் ஆக்டில் தேடிப் படியுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றேன். மூன்றாண்டுப் படிப்பில் சேரலாமா?

பார் கவுன்சில் விதி இடம் தரவில்லை. கட்டணம் கட்டும் முன் கேட்டது நல்லது.

கேள்வி: சேர்ந்ததும் பைக்கில் வக்கீல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாமா?

கூடாது. படிப்பை முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் நீங்கள் வழக்கறிஞர்.