கிரேக்கம் படிக்கப் போவதை விசா படிவத்தில் மறைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. கோவையில் வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். செப்டம்பரில் தோழியுடன் கிரேக்க நாட்டுக்குப் போகிறேன். நாஃப்பிலியோ என்ற ஊரில் மூன்று வாரம் கிரேக்க மொழி வகுப்பு, அப்புறம் நான்கைந்து நாள் ஏதென்ஸ், டெல்ஃபி என்று திட்டம். “வகுப்பு என்று சொன்னால் சுற்றுலா விசா கிடைக்காது. மாணவர் விசா போட்டால் இரண்டு லட்சம் ஆகும். இல்லையென்றால் வகுப்பைப் பற்றி மூச்சு விடாதீர்கள்” என்கிறார் எங்கள் ஏஜென்ட். தோழியிடம் பிரான்ஸ் கொடுத்த விசா இருக்கிறது. அதுவும் கிரேக்கத்துக்குச் செல்லாதாம். என்ன செய்வது? மூன்று வாரத்தில் மொழி வருமா?

பதில்: மறைக்காதீர்கள். மறைக்க வேண்டிய தேவையே இல்லை.

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்கு ஷெங்கன் என்று பெயர். கிரேக்கம் அதில் ஒன்று. குறுகிய கால ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள் வரை தங்கலாம். அந்த 90 நாளுக்குள் முடிகிற மொழி வகுப்புக்கும் இதே விசாதான். நீண்ட கால மாணவர் விசா என்பது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் படிக்கப் போகிறவர்களுக்கு. மூன்று வார வகுப்புக்கு அதைப் போடச் சொல்வது, பக்கத்து ஊருக்குப் போகிறவரிடம் மாதாந்திர சீசன் டிக்கெட்டை விற்பது மாதிரி.

படிவத்தில் பயண நோக்கம் என்ற கட்டத்தில் சுற்றுலா, கல்வி இரண்டும் இருக்கின்றன. அடுத்த கட்டத்தில் நோக்கத்தை விளக்கி எழுத இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே ‘மூன்று வார மொழி வகுப்பு, அதைத் தொடர்ந்து சுற்றுலா’ என்று நேராக எழுதுங்கள். பள்ளியிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். வகுப்பு தொடங்கும் நாள், முடியும் நாள், மொத்த மணி நேரம், கட்டணம் கட்டியாகிவிட்டதா என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும். உங்கள் கவர் லெட்டரிலும் அதே தேதிகள் வர வேண்டும். நிராகரிப்புக் கடிதங்களை வருடக்கணக்காகப் பார்த்து வருகிறேன். தேதி ஒத்துப்போகாமல் சிக்கியவர்களைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன், உண்மையைச் சொல்லிக் கெட்டவர்களை அல்ல.

மறைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வரலாற்று ஆசிரியை ஒருவர் ஒரு சிறிய ஊரில் மூன்று வாரம் முழுக்க எதற்குத் தங்குகிறார் என்று அதிகாரிக்குக் கேள்வி வரும். உங்கள் ஓட்டல் பதிவு ஒன்று சொல்லும், பயணத் திட்டம் இன்னொன்று சொல்லும். விமான நிலையத்தில் யாராவது கேட்டால் நீங்கள் தடுமாறுவீர்கள். நிராகரிப்பு விவரம் ஐந்து ஆண்டு வரை ஷெங்கன் விசாத் தகவல் அமைப்பில் இருக்கும். எந்த ஷெங்கன் நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அதிகாரி அதைப் பார்ப்பார். அப்போது உங்கள் ஏஜென்ட் பக்கத்தில் நிற்க மாட்டார்.

சரி, ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் துறையில் எனக்கு ஆறாத கோபம் இது.

விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 2024 ஜூனில் 80லிருந்து ஏற்றினார்கள். அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் சேரும். படிவத்துக்குக் காசு கிடையாது. காப்பீடு தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் நாள் முழுவதற்கும் இருக்க வேண்டும். உங்கள் வயதில் அதுவும் ஆளை முழுங்கும் தொகை அல்ல. ஆக, இரண்டு லட்சம் எதற்கு என்று அவரிடம் தாளில் எழுதிக் கேளுங்கள். “விசா உத்தரவாதம்” என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். விசா கொடுப்பது தூதரக அதிகாரி. உத்தரவாதம் தர வெளியே யாருக்கும் அதிகாரம் இல்லை.

இன்னொரு வேலையும் செய்வார்கள். வங்கிக் கணக்கில் பணம் குறைவு என்று சொல்லி, யாரிடமாவது மூன்று லட்சம் வாங்கிப் போட்டு ஸ்டேட்மென்ட் எடுக்கச் சொல்வார்கள். மாதம் மாதம் பென்ஷன் வந்து, மளிகைக்கும் மின்கட்டணத்துக்கும் போகிற கணக்கில் திடீரென்று ஒரு பெரிய தொகை விழுந்தால், அதுதான் அதிகாரியின் கண்ணில் முதலில் படும். உங்கள் பென்ஷன் உத்தரவும், ஆறு மாத ஸ்டேட்மென்ட்டும், வைப்புத்தொகை ரசீதும் இருந்தபடியே இருக்கட்டும். திரும்பி வருகிறவர் என்பதற்கு உங்கள் பென்ஷனைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

“வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கினால் அங்கேயே வேலைக்கு மாறிக்கொள்ளலாம்” என்று இளைஞர்களிடம் சொல்லிப் பணம் பறிக்கும் கூட்டம் ஒன்றும் இருக்கிறது. குறுகிய கால விசாவில் வேலை பார்க்க முடியாது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இந்தப் பேச்சில் மயங்கினால் இதைச் சொல்லுங்கள்.

அப்பாயின்ட்மென்ட் கதையைச் சொல்லாமல் விட முடியாது. விண்ணப்ப மையத்தின் தளத்தில் தேதியே காட்டாது. காலை ஆறு மணிக்குப் பாருங்கள், இரவு பன்னிரண்டுக்குப் பாருங்கள், இல்லை. ஏஜென்ட்டிடம் கேட்டால் மறுநாளே தேதி கிடைக்கும், விலைக்கு. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தன் சொந்தக் காசில் ஒரு மொழி படிக்கப் போவதற்கு நள்ளிரவில் கணினி முன் உட்கார வேண்டுமா? எத்தனை முறை எழுதினாலும் இது மாறவில்லை. உங்களால் செய்ய முடிந்தது, சீக்கிரம் தொடங்குவதுதான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள் முன்பு. முடிவு பொதுவாக 15 நாளில் வரும், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். செப்டம்பர் பயணத்துக்கு மார்ச்சிலேயே தேதி தேடுங்கள். ஜூன், ஜூலையில் கூட்டம் நெரியும்.

இனி உங்கள் தோழி. ஏஜென்ட் சொன்னது இங்கேயும் தவறு. பலர் குழம்புகிற இடம் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

புதிதாக விசா கேட்கிறவர், அதிக நாள் தங்கும் நாட்டிடமோ பயணத்தின் முக்கிய நோக்கம் எந்த நாட்டிலோ அந்த நாட்டிடமோ கேட்க வேண்டும். உங்களுக்கு இரண்டுமே கிரேக்கம்தான். ஆனால் ஏற்கெனவே கையில் விசா வைத்திருப்பவர் வேறு. அவர் பிரான்ஸுக்கென்று நேர்மையாக வாங்கி, நேர்மையாகப் பயன்படுத்திய பலமுறை நுழைவு விசா இன்னும் காலாவதி ஆகாமல் இருந்தால், அதே விசாவில் நேராக ஏதென்ஸில் போய் இறங்கலாம். முதலில் பாரிஸுக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும் என்பதெல்லாம் கட்டுக்கதை. விசா ஸ்டிக்கரில் மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தத் தேதி வரை செல்லும், எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம். நுழைவு ‘ஒன்று’ என்று இருந்து அதைப் பயன்படுத்திவிட்டார் என்றால் விசா முடிந்தது. ‘மல்ட்’ என்று இருந்தால் பல முறை.

அப்புறம் நாள் கணக்கு. தோழி மே 10 முதல் 29 வரை பிரான்ஸில் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் சேர்ந்து 20 நாள். கிரேக்கத்தில் செப்டம்பர் 6 முதல் அக்டோபர் 1 வரை 26 நாள். அக்டோபர் 1லிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ணினால் ஏப்ரல் 5க்குப் போகும். அந்த இடைவெளிக்குள் மொத்தம் 46 நாள். 90க்குள் இருக்கிறது, கவலை இல்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2025 அக்டோபர் முதல் எல்லையில் கைரேகையும் முகமும் பதிந்து கணினியே நாளை எண்ணும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை மங்கிவிட்டது என்ற சமாதானம் இனி எடுபடாது. பள்ளிக் கடிதத்தின் ஒரு பிரதி அவரிடமும் இருக்கட்டும்.

பள்ளி விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. விசா கிடைக்காவிட்டால் கட்டணம் திரும்புமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். உண்மையான பள்ளி என்றால் உங்கள் நிலையை அறிய ஒரு சிறு தேர்வு அனுப்பும், எந்த நேரம் என்ன வகுப்பு என்று சொல்லும். கடிதம் மட்டும் உடனே அனுப்பி, வகுப்பைப் பற்றி வாயே திறக்காத இடம் பள்ளி அல்ல.

ஊரை நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். சான்டோரினி தீவில் மொழி வகுப்பு என்று ‘பேக்கேஜ்’ விற்கிறார்கள். அங்கே கடைத்தெருவில் ஆங்கிலம்தான் ஓடுகிறது. நாஃப்பிலியோ விடுதலை பெற்ற கிரேக்கத்தின் முதல் தலைநகரம், 1834 வரை. முதல் ஆளுநர் கபோதிஸ்திரியாஸ் 1831இல் சுட்டுக் கொல்லப்பட்டது அங்குள்ள புனித ஸ்பிரிதோன் தேவாலய வாசலில். மைசினி, எபிதாவ்ரோஸ் என்ற பழங்கால இடங்கள் இரண்டும் அரை நாளில் பேருந்தில் போய் வரும் தொலைவு. நீங்கள் வருடக்கணக்கில் பாடம் நடத்தியதையெல்லாம் சனி, ஞாயிறில் பார்த்துவிடலாம். செப்டம்பரும் நல்ல மாதம். ஆகஸ்ட் என்றால் வெயில் 40 டிகிரியைத் தொடும், 15ஆம் தேதி மாதா பண்டிகைக்கு நாடே ஊருக்குக் கிளம்பும்.

மூன்று வாரத்தில் மொழி வருமா என்று கேட்டீர்கள். ஆங்கிலம் பேசுகிறவர் கிரேக்க மொழியில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற சுமார் 1,100 மணி நேர வகுப்பு ஆகும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. தினம் நான்கு மணி, வாரம் ஐந்து நாள் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 60 மணி நேரம். அதற்குள் கடையில், பேருந்தில், சாப்பாட்டு மேசையில் சமாளிக்கலாம், பெயர்ப்பலகை படிக்கலாம். மூன்று வாரத்தில் ‘சரளம்’ என்று விளம்பரம் செய்கிறவரை நம்பாதீர்கள்.

அந்த 60 மணியை வீணாக்காமல் இருக்க, 24 எழுத்துகளையும் இங்கேயே படித்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் முதல் மூன்று நாள் எழுத்திலேயே போய்விடும். கணக்குப் பாடத்தில் படித்த ‘பீட்டா’ அங்கே ‘வீட்டா’. ஆங்கில ‘பி’ (P) மாதிரி இருப்பது ‘ர’. ‘இ’ என்ற ஒலியை மட்டும் ஐந்தாறு விதமாக எழுதுவார்கள்.

ஒலிகள் நமக்குச் சிரமம் தராது. ‘அது’ என்பதில் நாம் சொல்லும் மென்மையான த-தான் அவர்களுடைய தெல்டா என்ற எழுத்து. பால் என்பதற்கு ‘காலா’ என்பார்கள். அந்த முதல் எழுத்தை ‘மகன்’ என்பதில் வரும் க போலச் சொன்னால் சரியாக விழும். வினைச்சொல்லிலேயே ஆள் தெரிந்துவிடும், ‘நான்’ என்று தனியாகச் சொல்ல வேண்டாம். ‘மிலாஓ’ என்றால் பேசுகிறேன், ‘மிலாஸ்’ என்றால் பேசுகிறாய். நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் உண்டு: எசி, எசீஸ். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர் தடுக்கி விழும் இந்த இடங்களை நீங்கள் எளிதாகத் தாண்டுவீர்கள்.

நான் அங்கே படித்தபோது, முதல் வாரம் தினமும் காலையில் ஒரு பேக்கரிக்குப் போவேன். நான் கிரேக்கத்தில் ரொட்டி கேட்பேன், கடைக்காரப் பெண்மணி ஆங்கிலத்தில் பதில் சொல்வார். நான்காம் நாள் ஆசிரியை ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தார்: “மிலீஸ்தே மு எலினிகா, பரகலோ.” தயவுசெய்து என்னிடம் கிரேக்கத்தில் பேசுங்கள். மறுநாள் சொன்னேன். அவர் கையிலிருந்த இடுக்கியை வைத்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒவ்வொன்றையும் விரலால் காட்டி மெதுவாகப் பெயர் சொன்னார். தீரோபிதா, ஸ்பனகோபிதா, ப்சோமி. பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. இந்த வாக்கியத்தை விமானம் ஏறுவதற்கு முன்பே மனப்பாடம் செய்யுங்கள்.

சைவம் என்றால் ‘நிஸ்தீசிமோ’ என்று கேளுங்கள். விரத உணவு என்று பொருள். இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. ஆனால் கணவாயும் இறாலும் விரதத்துக்கு ஆகும் என்பது அவர்கள் வழக்கம், அதனால் கடல் உணவும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ‘நே’ என்றால் ஆமாம், ‘ஓஹி’ என்றால் இல்லை. பல நேரம் ‘ஓஹி’ என்று வாயால் சொல்லக்கூட மாட்டார்கள். புருவத்தைத் தூக்கி, முகவாயைச் சற்று மேலே நிமிர்த்துவார்கள், அவ்வளவுதான். பேருந்து நிலையத்தில் ‘எபிதாவ்ரோஸ் பஸ்ஸா?’ என்று கேட்கும்போது நடத்துநர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.