லாரி ஏற்றி இறக்கும் வேலையில்லை, அம்மா

வணக்கம் அம்மா,

எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்த மகள் கணக்கியல் வேண்டாம், விநியோகச் சங்கிலி மேலாண்மைதான் (பொருள்களை வாங்கி, செய்து, கொண்டுசேர்க்கும் ஏற்பாடு) படிப்பேன் என்கிறாள், "லாரி ஏத்தி இறக்கறதுக்கு டிகிரியா?" என்று நீங்கள் வருந்தினீர்கள். அவள் உட்காரப்போகும் மேசையைக் காட்டுகிறேன்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவு என்று வையுங்கள். அங்கிருந்து பிறை என்ற ஊரில் உள்ள சின்ன சப்ளையருக்கு மின்னஞ்சல் போகிறது: சரக்கு இரண்டு வாரம் முன்னதாக வேண்டும், விலையும் குறைய வேண்டும். அவர் முடியாது என்று சொல்ல மாட்டார். சொன்னால் அடுத்த ஆர்டர் போய்விடும். ஓவர்டைம் ஏறும். மின்னணு நிறுவனங்களின் ஆர்பிஏ கூட்டமைப்பு வகுத்த விதிப்படி சாதாரண நாள்களில் ஓவர்டைமையும் சேர்த்து வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. அந்தத் தாள் சுவரில் ஒட்டியிருக்கும்; நேர அட்டை வேறு கணக்குச் சொல்லும். தணிக்கைக்கு வருகிறவர் சப்ளையரைத்தான் குற்றம் சொல்வார். மின்னஞ்சல் அனுப்பியவரை யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் மனசு ஆறாத விஷயம்.

அதே சப்ளையருக்கு மூன்று வருட ஒப்பந்தமும், ஆர்டர் பற்றிய முன்தகவலும், சொன்ன தேதியில் பணமும் கிடைத்தால்? தொழிலாளர் விடுதியைச் சரிசெய்யத் துணிவார். சிக்கல் வந்தால் மறைக்காமல் போன் செய்வார்.

2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பு நடக்கிறது என்று சொல்லி, மலேசியாவின் டாப் குளோவ் நிறுவனத்தின் கையுறைகளைத் தடுத்தது. வேலைக்கு வரத் தொழிலாளர்கள் முகவர்களிடம் கட்டிய பணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. கடனோடு கடல் தாண்டி வேலைக்கு வருவது நமக்குப் புதிதா அம்மா? கங்காணியின் முன்பணத்தில் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம்.

உங்கள் கணக்கியல் ஆசையும் வீணாகாது. மலிவான விலையோடு ஒருவர் வரும்போது, அதில் தொழிலாளிக்கு மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தபட்சச் சம்பளம் அடங்குமா என்று கூட்டிப் பார்க்கத் தெரிந்த ஆள் கொள்முதலுக்குத் தேவை. அதனால் செலவுக் கணக்கியல் பாடம் உள்ள படிப்பாகத் தேர்ந்தெடுங்கள். தொழிற்பயிற்சியைக் கிடங்கில் அல்ல, கொள்முதல் பிரிவில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மலாயும் ஆங்கிலமும் இருக்கிறது; கொஞ்சம் மாண்டரினும் பழகட்டும், பினாங்கில் சப்ளையரோடு பேச உதவும்.

நேர்முகத் தேர்வில் அவளும் ஒரு கேள்வி கேட்கட்டும்: "உங்கள் சப்ளையர்களுக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறீர்கள்?"